மூழ்கிய போர்க்கப்பலின் பித்தளை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். முக்குளிப்பில் ஈடுபாடுள்ள என் மைத்துனர், நேட்டால் தென்கடற்கரையை ஒட்டிக் கிடக்கும் ஒரு கப்பல் சிதைவிலிருந்து எண் பொறித்த பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்து வந்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய போர்க்கப்பலாக இருக்கலாம் என்கிறார். கைவிடப்பட்ட பொருள் மீட்டவருக்கே உரியது என்று நண்பர்கள் சொல்வது சரியா? மிச்சத்தையும் எடுக்கலாமா?

பதில்: சரியன்று, எடுக்கவும் கூடாது. கடல் மீட்புச் சட்டம் என்பது, ஆபத்தில் சிக்கிய கப்பலையோ சரக்கையோ காப்பாற்றியவருக்கு உரிமையாளர் தர வேண்டிய வெகுமதியைப் பற்றியதே தவிர, காப்பாற்றியவரை உரிமையாளராக்குவது அன்று. அந்த வெகுமதியும் இங்கே கைக்கு எட்டாது. தென்னாப்பிரிக்கா 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஏற்றுக்கொண்ட 1989ஆம் ஆண்டுப் பன்னாட்டு மீட்பு உடன்படிக்கை, போர்க்கப்பல்களுக்கு அவற்றின் அரசு இசைந்தாலன்றிப் பொருந்தாது.

கடலடியில் எத்தனை ஆண்டுகள் கிடந்தாலும், கொடி நாடு, அதாவது எந்த நாட்டின் கொடியோடு அது ஓடியதோ அந்த நாடு, வெளிப்படையாகத் துறக்காத வரையில் போர்க்கப்பல் அந்நாட்டுக்கே உரியது என்பதே கடல்சார் நாடுகள் பலவும் வற்புறுத்தும் நிலைப்பாடு. 1804இல் மூழ்கிய ஸ்பெயின் போர்க்கப்பல் மெர்சிடஸிலிருந்து ஓர் அமெரிக்க நிறுவனம் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்களை 2007இல் எடுத்துச் சென்றது. அமெரிக்க நீதிமன்றங்களிலேயே தோற்று, 2012இல் அத்தனையையும் ஸ்பெயினிடம் ஒப்படைக்க நேர்ந்தது.

உங்கள் மைத்துனரை நேரடியாகத் தொடுவது 1999ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளங்கள் சட்டம், 35ஆம் பிரிவு. கரையிலிருந்து 24 கடல் மைல் வரையில் கிடக்கும், 60 ஆண்டுகளைக் கடந்த எந்தச் சிதைவும் அதன் சரக்கும் உடைசல்களும் இச்சட்டப்படி தொல்பொருள்கள். சாஹ்ரா எனப்படும் தேசியப் பாரம்பரிய அமைப்பின் அனுமதியின்றி அவற்றை எடுப்பதும் சேதப்படுத்துவதும் விற்பதும் குற்றம். தொல்பொருள்கள் அரசின் உடைமை என்றும் இதே பிரிவு சொல்கிறது. அப்படியானால் வெளிநாட்டுப் போர்க்கப்பல் எந்த அரசுக்குரியது என்று நீங்கள் கேட்கலாம். அது இரண்டு அரசுகள் பேசித் தீர்க்க வேண்டிய வழக்கு. அதில் முக்குளிப்பவருக்குப் பங்கில்லை.

கான்ஸ்பாய்க்கு அருகே டேஞ்சர் முனையில் 1852 பிப்ரவரி 26 அன்று பிரித்தானியத் துருப்புக் கப்பல் பிர்கன்ஹெட் பாறையில் மோதி மூழ்கியது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதில் பொன் இருந்ததாக நெடுங்காலமாகப் பேச்சு. கப்பல் கிடப்பது நம் கரையோரம், உரிமை கோரியது பிரிட்டன். ஆகவே 1989இல் இரு அரசுகளும் உடன்பாடு செய்துகொண்ட பிறகே மீட்புப் பணிக்கு ஒழுங்கு பிறந்தது. மாண்டவர்களின் கல்லறையாக அந்த இடத்தை மதிக்க வேண்டும் என்பதும் அப்போது ஏற்கப்பட்டது. 1917இல் அறுநூறுக்கும் மேற்பட்ட கறுப்பினத் தென்னாப்பிரிக்கர்களோடு ஆங்கிலக் கால்வாயில் மூழ்கிய துருப்புக் கப்பல் மெண்டியின் மணியை 2018இல் பிரித்தானியப் பிரதமர் நம் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைத்தபோது இந்நாடு நெகிழ்ந்ததை எண்ணிப் பார்த்தால், அடுத்த நாட்டார் ஏன் இவ்வளவு பிடிவாதம் காட்டுகிறார்கள் என்பது விளங்கும்.

இனிச் செய்ய வேண்டியது: அந்தத் துண்டு வெடிபொருளின் பாகமாக இருக்குமோ என்று சிறிதளவு ஐயம் இருந்தாலும், அதைத் தொடாமல் விலகி நின்று காவல்துறையை அழையுங்கள். அப்படி இல்லையென்றால் ஈரம் உலரவிடாமல் நீரில் மூழ்கவைத்து, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் தேதியையும் எழுதிக்கொண்டு, கேப் டவுனிலுள்ள சாஹ்ராவுக்கு உடனே தெரிவியுங்கள். தாமாகவே முன்வந்து சொல்பவரின் நிலை, பழைய இரும்புக் கடையில் பிடிபட்டவரின் நிலையைவிட எவ்வளவோ மேல். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். கப்பலை அடையாளம் காட்டக்கூடிய எழுத்து அதில்தான் இருக்கும். மைத்துனர் மீண்டும் அங்கே இறங்கிப் பார்க்கலாம், படமெடுக்கலாம். எதையும் தொடாதவரை இச்சட்டப்படி அதற்குத் தடையில்லை.