எல்லைக்கோடுகளும் நைரேரேயும் (கடிதம்)

வணக்கம். ஆப்பிரிக்கர்களும் உலகெங்கும் உள்ள அவர்களின் வழிவந்தவர்களும் ஒன்றுபட வேண்டும் என்ற பான்-ஆப்பிரிக்கவாதம் பற்றி வாசித்துவருகிறேன். தொடங்கியவர்கள் பெரும்பாலும் டிரினிடாட், ஜமைக்கா, அமெரிக்கா என்று வெளியே இருந்தவர்கள். ஆப்பிரிக்கத் தலைவர்களோ, ஆட்சி கைக்கு வந்ததும் வெள்ளையர் போட்ட எல்லைகளையே காப்பாற்றிக்கொண்டார்கள். அப்படியானால் இது வெளியே இருந்தவர்களின் ஏக்கம் மட்டும்தானா?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

வெளியே பிறந்தது உண்மைதான். 1900-இல் லண்டனில் முதல் பான்-ஆப்பிரிக்க மாநாட்டைக் கூட்டிய ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் டிரினிடாட்காரர். நான் அதைக் குறையாக நினைக்கவில்லை. அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் வாரிசுகளுக்கு முன்னோர் எந்த ஊர், எந்தக் குடி என்றே தெரியாது. ஊர் பெயர் சொல்ல வழியில்லாதவர்களுக்குக் கண்டம் முழுவதுமே ஊராகிவிட்டது.

ஆனால் அது ஏக்கத்தோடு நிற்கவில்லை. 1945-இல் மான்செஸ்டர் மாநாட்டில் கலந்துகொண்ட நிக்ருமா 1957-இல் கானாவின் பிரதமர். கென்யாட்டா 1963-இல் கென்யாவின் பிரதமர்.

சரி, எல்லைகளுக்கு வருவோம். 1963 மே மாதம் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பை உருவாக்க அடிஸ் அபாபாவில் 32 நாடுகள் கூடியபோது, கண்டம் முழுவதற்கும் உடனே ஒரே ஒன்றிய அரசு வேண்டும் என்று நிக்ருமா வாதாடினார். எடுபடவில்லை. அடுத்த ஆண்டு கெய்ரோவில், விடுதலையின்போது இருந்த எல்லைகளை மதிப்போம் என்று தீர்மானம் ஆயிற்று. அதற்கு முன்னின்றவர், தாங்கனிக்காவை (பின்னாளில் டான்சானியா) விடுதலைக்கு வழிநடத்திய ஜூலியஸ் நைரேரே.

இதை முதலில் படித்தபோது எனக்கு ஆத்திரமே வந்தது. கென்யாவும் உகாண்டாவும் சேர்ந்து ஒரே கூட்டாட்சியாக விடுதலை பெறுமென்றால் தாங்கனிக்காவின் விடுதலையைத் தள்ளிப்போடவும் தயார் என்று 1960-இல் சொன்னவர் அவர். அவரா இப்படி? அப்புறம்தான் 1963 அக்டோபரில் அல்ஜீரியாவும் மொராக்கோவும் எல்லைக்காகப் போரில் இறங்கியதை வாசித்தேன். ஒரு கோட்டைத் தொட்டால் எல்லாக் கோடுகளும் கிளம்பும் என்ற பயம் பொய்யில்லை.

அதே நைரேரேயின் தலைநகரான டார் எஸ் சலாமில்தான் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் விடுதலைக் குழு இயங்கியது. மொசாம்பிக்கின் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோ அங்கே உருவானது. தென்னாப்பிரிக்கப் போராளிகளுக்கு அங்கே இடம் கிடைத்தது. அதுவும் ஓர் ஏழை நாட்டில். இதை ஏக்கம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

உங்கள் சந்தேகத்தை அவரே ஒருவகையில் ஒப்புக்கொண்டார். 1997-இல், கானா விடுதலையின் நாற்பதாம் ஆண்டு விழாவுக்கு அக்ரா போனவர், கொடி, தேசியகீதம், கடவுச்சீட்டு, ஐ.நா. இருக்கை என்று பெருகிவிட்டால், பிரிந்தே இருப்பதில் ஆதாயம் காண்பவர்கள் ஒரு படையாகத் திரண்டுவிடுவார்கள் என்றார். நிக்ருமா மோதியது அந்தப் படையோடுதான் என்றார். அப்போது நிக்ருமா இறந்து கிட்டத்தட்ட 25 ஆண்டுகள் ஆகியிருந்தன.