கம்பெனியை மாற்றும் முன் கம்பியைப் பாருங்கள்

சிங்கப்பூர் வீடுகளில் இணையம் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமாக எனக்குப் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. "நெட் ரொம்ப ஸ்லோ, வேறு கம்பெனிக்கு மாறிடலாமா?" என்பதுதான் நம்மவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

செங்காங்கிலிருந்து: 1 ஜிபிபிஎஸ் (அதாவது 1,000 எம்பிபிஎஸ்) வேகத் திட்டம் எடுத்திருக்கிறோம் அண்ணே. படுக்கையறையில் போனில் சோதித்தால் 60 எம்பிபிஎஸ்தான் வருகிறது. ஒப்பந்தம் முடிய இன்னும் 7 மாதம். முறித்துவிட்டு மாறலாமா?

கொஞ்சம் பொறுங்கள். ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் பல கம்பெனிகள் மிச்ச மாதங்களின் சந்தாவைக் கேட்கும். மாதம் 40 வெள்ளி என்று வைத்தால் 280 வெள்ளி போய்விடும்.

முதலில் ஒரு மடிக்கணினியை லேன் கேபிளில் ரவுட்டரோடு நேராக இணைத்துச் சோதியுங்கள். 900 எம்பிபிஎஸ்க்கு மேல் வந்தால் கம்பெனி மேல் குறை இல்லை, வீட்டுக்குள் வைஃபைதான் தடுக்கப்படுகிறது. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இது சகஜம். 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டிய வீடுகளில் பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சின்போது ஒதுங்கும் சிறு அறை, இருக்கும். அதன் சுவர் கம்பி கட்டிய கெட்டிக் கான்கிரீட், கதவு எஃகு. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ரவுட்டரை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் சிக்னல் எப்படி வெளியே வரும்?

பொங்கோலில் ஒரு வீட்டில் ரவுட்டரைத் தேடித் தேடிப் பார்த்தேன். கடைசியில் சாமி மாடத்தில், பித்தளைத் தாம்பாளத்துக்கும் குத்துவிளக்குக்கும் பின்னால் இருந்தது. பிளக் அங்கேதான் இருக்கிறது என்றார்கள். ஒரு நீட்டிப்புக் கம்பி வாங்கி, ரவுட்டரை வரவேற்பறை அலமாரி மேல் திறந்த இடத்தில் வைத்தோம். மகள் அறையில் 45 காட்டிய அதே போன் 380 காட்டியது. செலவு ஒரு கம்பி மட்டுமே.

இடம் மாற்றியும் சரிவரவில்லை என்றால் மெஷ் ரவுட்டர் ஜோடி (இரண்டு பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும்) வாங்குங்கள், ஒப்பந்தத்தை முறிக்கும் அபராதத்துக்குப் போகும் பணத்தில் வந்துவிடும்.

ஈசூனிலிருந்து: நான் கேபிளில்தான் சோதித்தேன். எத்தனை முறை பார்த்தாலும் 94, 95. அதைத் தாண்டவே இல்லை.

அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. நெரிசல் என்றால் வேகம் ஏறி இறங்கும். 94இல் ஆணியடித்தாற்போல் நின்றால், இடையில் எங்கோ 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது என்று பொருள். கேபிளுக்குள் 8 கம்பிகளும் சரியாக இருந்தால்தான் 1 ஜிபிபிஎஸ் வரும். ஒன்று அறுந்தாலும் 100க்கு இறங்கிவிடலாம். நாற்காலிச் சக்கரம் ஏறிய கேபிள்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கேட்5ஈ அல்லது கேட்6 என்று அச்சிட்ட புதுக் கேபிள் போட்டுப் பாருங்கள். அப்படியும் 94 என்றால் கணினியின் லேன் போர்ட்டைச் சந்தேகியுங்கள்.

தெம்பனிஸிலிருந்து: 10 ஜிபிபிஎஸ் திட்டத்துக்கு மாறினால் தீருமா?

உங்கள் கணினியில் இருப்பது 1 ஜிபிபிஎஸ் போர்ட் என்றால் 10 எடுத்தாலும் அதில் 940 அளவில்தான் காட்டும். நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பெரிய கோப்புகளை இறக்கும் வீடு என்றால் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு இப்போது தேவையில்லை.

உட்லண்ட்ஸிலிருந்து: உள்ளூர் வேகம் நன்றாக இருக்கிறது. ஆனால் இரவு 9 மணிக்குத் திருச்சியில் இருக்கும் அம்மாவோடு வீடியோவில் பேசினால் முகம் உறைந்து நிற்கிறது. மனசு கஷ்டமாக இருக்கிறது.

புரிகிறது தங்கச்சி, நாள் முழுக்கக் காத்திருந்து பேசுகிற அரை மணி நேரம் அது. கம்பெனி மாறுவதில் பலன் இருக்கக்கூடியதும் இங்கேதான்.

நம் வீடுகளுக்குள் வரும் ஃபைபர் இழை நெட்லிங்க் டிரஸ்ட் என்ற நிறுவனத்துடையது. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, மைரிபப்ளிக், வியூக்வெஸ்ட் என்று யாரிடம் வாங்கினாலும் அதே இழைதான். அதற்கு அப்பால் கடல் தாண்டிப் போகும் பாதையும், அதில் அவர்கள் வாங்கி வைத்திருக்கும் கொள்ளளவும்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ என்ற கடலடிக் கேபிள் 2002 முதல் இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். அந்தத் தூரம் போய்த் திரும்ப ஒளிக்கே 32 மில்லிசெகண்ட் பிடிக்கும்.

வேகச் சோதனையில் சர்வரைச் சென்னைக்கு மாற்றி, காலையில் ஒருமுறை, இரவு 9க்கு ஒருமுறை என ஒரு வாரம் பிங் எண்ணை (தகவல் போய்த் திரும்ப ஆகும் மில்லிசெகண்ட்) குறித்து வையுங்கள். காலையில் 40, 50 இருந்து இரவில் 200க்கு எகிறினால் வழியில் நெரிசல். அதே இரவு, வேறு கம்பெனி வைத்திருக்கும் பக்கத்து வீட்டிலும் சோதியுங்கள். அங்கே குறைவாக இருந்தால் ஒப்பந்தம் முடிந்ததும் தயங்காமல் மாறுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் அம்மா வீட்டு இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து: மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டிலிருந்தே வேலை. ஒருநாள்கூட இணையம் இல்லாமல் இருக்க முடியாது.

பழையதை முதலில் ரத்து செய்துவிடாதீர்கள். பெரும்பாலும் நம் வீட்டு ஃபைபர் பெட்டியில் 2 போர்ட் இருக்கும். ஒன்றில் பழைய இணைப்பு ஓடிக்கொண்டிருக்க, மற்றதில் புதியதை ஏற்றலாம். புதியது இரண்டு மூன்று நாள் ஒழுங்காக ஓடட்டும், பிறகு பழையதை நிறுத்துங்கள். எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதை மட்டும் இப்போதே கேட்டு வையுங்கள். இரண்டாவது போர்ட்டில் முன்பு குடியிருந்தவரின் இணைப்பு இன்னும் பதிவாகியிருப்பதும் உண்டு. பொருத்த ஆள் வரும் நாளுக்கு முன்பே அதைப் புதுக் கம்பெனியிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஃபைபர் இழையை நீங்களே பிடுங்கவோ மடக்கவோ வேண்டாம், உள்ளே கண்ணாடி.

தோ பாயோவிலிருந்து ஒரு பாட்டி: தம்பி, 30 வருஷமா ஒரே வீட்டு போன் நம்பர். பேரன் கம்பெனி மாத்துறேங்கிறான். நம்பர் போயிடுமா?

போகாமல் பார்த்துக்கொள்ளலாம்மா. ஆனால் பேரன் அவசரப்பட்டுப் பழைய இணைப்பை ரத்து செய்தால் போய்விடும். இதே எண்ணை உங்கள் இணைப்புக்கு மாற்றித் தருவீர்களா என்று புதுக் கம்பெனியிடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள். அதே எண் புது இணைப்புக்கு வந்து, போன் மணி அடித்த பிறகு பழையதை நிறுத்தட்டும்.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து: வேகம் வரவில்லை என்று 3 முறை புகார் செய்தேன். ஆள் வரவில்லை. அபராதம் மட்டும் கேட்கிறார்கள்.

புகார் எண்களையும், கேபிளில் எடுத்த சோதனை முடிவுகளையும் தேதி நேரத்தோடு படம் பிடித்து வையுங்கள். கேபிளில் எடுத்தது முக்கியம், வைஃபை அளவைக் காட்டினால் அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எல்லாவற்றையும் எழுத்து மூலம் கம்பெனிக்கு அனுப்புங்கள். அதற்கும் வழி பிறக்கவில்லை என்றால், தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கென்றே ஐஎம்டிஏ (தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) 2022இல் தொடங்கிய சமரசத் திட்டம் இருக்கிறது. சிங்கப்பூர் சமரச நிலையம் அதை நடத்துகிறது. அந்தப் படங்களோடு அங்கே போங்கள்.