அப்பாவுடன் லாக்கர்பி தொடரைப் பார்க்கலாமா?

வணக்கம். திருமங்கலம் அருகே நடந்த சாலை விபத்தில் உங்கள் தம்பி இறந்தபின், காலின் ஃபிர்த் நடித்த லாக்கர்பி தொடரைப் பார்க்க அப்பா விரும்புவதாகவும், தடுப்பதா என்று குழம்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். தடுக்க வேண்டாம், ஆனால் 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே அமெரிக்காவின் பான் ஆம் நிறுவன விமானம் குண்டுவெடிப்பில் சிதறி 270 பேர் இறந்ததைக் காட்டும் தொடக்கப் பகுதியை முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். அதன்பின் கதை, மகளைப் பறிகொடுத்த மருத்துவர் ஜிம் ஸ்வையர் உண்மையைத் தேடி அலைவதையும், அந்தக் குண்டுவெடிப்புக்காக 2001இல் தண்டிக்கப்பட்ட லிபியர் மெக்ராஹி குற்றமற்றவர் என்று ஸ்வையரே நம்பத் தொடங்குவதையும் (இறந்தவர்களின் குடும்பங்களில் இதை ஏற்காதவர்களும் உண்டு), அந்தத் தேடல் வீட்டில் எஞ்சியவர்களைத் தனிமைப்படுத்துவதையும் பேசுகிறது. இழப்பீட்டு வழக்குக்காக மதுரை நீதிமன்றத்துக்கு நடந்துகொண்டிருக்கும் உங்கள் அப்பாவை, விபத்துக் காட்சியைவிட இதுதான் அதிகம் தைக்கும் என்று நினைக்கிறேன். ஐந்து பகுதிகளையும் ஒரே இரவில் ஓட்டாதீர்கள். அவர் நடுவில் எழுந்துவிட்டால், தொடரை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பற்றிப் பேச விடுங்கள்; உறக்கமும் உணவும் தொடர்ந்து குறைந்தால் அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.