கூரை விளக்கை நானே கழற்றி மாற்றலாமா? சுவிட்ச்சை அணைத்தால் போதுமா?

மாற்றலாம். ஆனால் சுவிட்ச்சை அணைத்தால் போதாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை இறக்கினாலும் போதாது. முக்கியமாக இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அம்மா வீட்டு ஹாலில் பழைய பல்பு ஹோல்டரை எடுத்துவிட்டு எல்இடி பேனல் மாட்டப் போனேன். சுவிட்ச்சை அணைத்தேன், மெயினையும் இறக்கினேன். ஃபிரிட்ஜ் சத்தம் நின்றது. சரி, கரண்ட் இல்லை என்று ஏணியில் ஏறி, ஹோல்டர் மூடியைத் திருகி எடுத்து, பழக்கத்தில் டெஸ்டரை வைத்தேன். ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று எரிந்தது. அடுத்த அறையில் ஃபேன் ஓடும் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.

அங்கே இரண்டு கோளாறு சேர்ந்திருந்தது. ஹால் விளக்கு இன்வெர்ட்டர் லைனில் இருந்ததால், மெயின் போனதுமே பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட் வந்துவிட்டது. அப்புறம், சுவிட்ச்சை கரண்ட் வரும் பேஸ் வயரில் போடாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போட்டிருந்தார்கள். அப்படி இருந்தால் விளக்கு அணையும், ஹோல்டரில் கரண்ட் அப்படியே நிற்கும். அணைத்த பிறகும் இரவில் எல்இடி மங்கலாக மினுங்கினால் இதையும் சந்தேகப்படுங்கள். சுவிட்ச்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் அப்படி மினுங்குவதுண்டு.

அதனால் மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைக்க வேண்டும். இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்ச்சை மட்டும் அணைத்தால், பல மாடல்களில் மெயின் கரண்ட் அதன் வழியாகவே அந்த லைனுக்குப் போய்க்கொண்டிருக்கும். பழைய ஃபியூஸ் போர்டு என்றால் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் ஏணியில் நிற்பது தெரியாமல் யாராவது மெயினைத் தூக்கிவிடாதபடி, வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

டெஸ்டரையும் முழுதாக நம்ப வேண்டாம். மெயினை இறக்கும் முன் கரண்ட் இருக்கிற பிளக் பாயிண்டில் வைத்து, அது எரிகிறதா என்று பாருங்கள். ரப்பர் செருப்புடன் மர ஏணியில் நிற்கும்போது மங்கலாகத்தான் எரியும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. உள்ளங்கையால் மறைத்துப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. கூரையில் வயர்கள் வந்து சேரும் பெட்டிக்குள் எத்தனை வயர் இருக்கிறதோ அத்தனையையும் சோதியுங்கள், வேறு அறைக்குப் போகும் லைனும் அதே பெட்டி வழியாக ஓடலாம்.

கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. ஆனால் கையில் மிஞ்சிய வயரை வைத்து இழுத்த வீடுகள் ஏராளம், நிறத்தை நம்பிக் கை வைக்காதீர்கள். வயரை முறுக்கி டேப் சுற்றுவதை விட கனெக்டரில் திருகி இறுக்குவதே நல்லது. இறுக்கியதும் ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். லூசாக இருந்தால் அந்த இடம் சூடேறிக் கருகும். விளக்கின் உடல் உலோகம் என்றால் பச்சை வயரைக் கட்டாயம் கொடுங்கள்.

அலுமினிய ஏணி வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம்.

போர்டில் எம்சிபி (தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும். ஆள் வழியாகக் கரண்ட் தரைக்குக் கசிந்து ஷாக் அடித்தால் அதைத் துண்டிப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்ற கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச். போர்டில் 'T' என்று எழுதிய டெஸ்ட் பட்டனுடன் இருக்கும், உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இன்வெர்ட்டர் லைன் அதன் வழியாக வராமல் தனியாகப் போகிறதா என்று வயர்மேனிடம் கேளுங்கள்.

வயரின் மேலுறை கையில் உதிர்ந்தாலோ, கூரையில் ஈரம் கசிந்தாலோ, மாட்டப்போவது கனமான தொங்கு விளக்கு என்றாலோ லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். நானும் அன்று மூடியைத் திருப்பி மாட்டிவிட்டு இறங்கிவிட்டேன். மறுநாள் வயர்மேன் வந்து சுவிட்ச்சை பேஸுக்கு மாற்றிக் கொடுத்த பிறகுதான் பேனலை மாட்டினேன்.