டிசிபி, யூடிபி, யூனிக்ஸ் சாக்கெட் மூன்றிலும் ஒரே ஆப்ஷன் வேறு வேறு மாதிரி நடக்கிறதே, இதை எப்படிச் சோதிப்பது?

கேள்வி கேட்டவர் தன் சிக்கலைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். சாக்கெட் என்பது நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் முனை. டிசிபி இணைப்பு ஏற்படுத்தி, போய்ச்சேர்ந்ததா என்று பார்த்து அனுப்பும், யூடிபி பார்க்காமல் அனுப்பும், யூனிக்ஸ் சாக்கெட் ஒரே இயந்திரத்துக்குள் பேசும். இந்த மூன்று வகையிலும் ஒரே ஆப்ஷனை வைக்கிறார். ஆப்ஷனை வைக்கும் செட்சாக்ஆப்ட் அழைப்பு, வெற்றி என்று 0 தருகிறது. கெட்சாக்ஆப்டில் திரும்பப் படித்தால் வைத்த மதிப்பே வருகிறது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் ஒன்றில் வேலை செய்கிறது, இன்னொன்றில் செய்யவில்லை. இதற்கு டெஸ்ட் எழுதுவது எப்படி என்று கேட்கிறார்.

அந்த 0-வை வைத்து டெஸ்ட் எழுதாதீர்கள். 0 வந்தால் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையம், உங்கள் ஆப்ஷனைக் குறித்துக்கொண்டது என்று மட்டும்தான் பொருள். அந்தக் குறிப்பை எடுத்துப் பார்க்கும் நிரல் அந்த வகை சாக்கெட்டில் இருக்கிறதா என்பது வேறு விஷயம். திரும்பப் படிப்பதும் அதே குறிப்பைத்தான் காட்டும். அந்த ஆப்ஷன் என்ன செய்ய வேண்டுமோ அது நடந்ததா என்று வெளியிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு ஸ்டோர் நிறைய ஏலக்காய் கெட்ட பிறகுதான் எனக்கு இது புரிந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கம்பத்துக்காரன். கம்பம்மெட்டு ஏறிக் கேரளாவுக்குள் போனால் நெடுங்கண்டம், வண்டன்மேடு, அணக்கரை எல்லாம் ஏலத்தோட்டம்தான். தோட்டத்தில் நம்மூர் ஆட்கள் நிறைய. பறித்த பச்சைக்காயை உலர்த்தும் கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். ஏறக்குறைய 50 டிகிரிச் சூட்டில், ஒரு நாள் பக்கம் வைத்து உலர்த்த வேண்டும். சூடு ஏறிவிட்டால் காயின் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் ஏல விற்பனையில் விலை விழுந்துவிடும். அந்தச் சூட்டை அளந்து மொபைல் நெட்வொர்க் வழியாக அனுப்பும் சிறு லினக்ஸ் பெட்டிகளுக்கு நிரல் எழுதுவது என் வேலை.

ஒரே பெட்டிக்குள் மூன்று வகை சாக்கெட்டும் உண்டு. சென்சார் படிக்கும் ப்ராசஸ், அனுப்பும் ப்ராசஸிடம் யூனிக்ஸ் டேட்டாகிராம் (தனித்தனிச் செய்தியாக அனுப்பும்) சாக்கெட்டில் பேசும். அனுப்பும் ப்ராசஸ் 10 நிமிடத்துக்கு ஒரு முறை யூடிபியில் சர்வருக்கு அனுப்பும். அமைப்புகளை மாற்ற ஒரு டிசிபி இணைப்பு. முதலாளி தன் போனில் ஒரு பட்டனை அழுத்தினால் சர்வர் அதே யூடிபி வழியில் பெட்டிக்குத் திருப்பிச் சொல்லும், ஸ்டோரில் மணி அடிக்கும். வழி மூடிவிடக் கூடாது என்று யூடிபி சாக்கெட்டில் கீப்-அலைவ் ஆப்ஷனை, அதாவது சும்மா கிடக்கும்போது அவ்வப்போது தட்டிப் பார்க்கச் சொல்லும் ஆப்ஷனை, வைத்திருந்தேன். 0 வந்தது. திரும்பப் படித்தேன், 1 வந்தது. டெஸ்டும் பச்சை விளக்கு காட்டியது.

ஆடி மழையில் ஒரு ராத்திரி சூடு 64 டிகிரி வரை ஏறியது. உத்தமபாளையத்திலிருந்து முதலாளி பட்டனை நாலு முறை அழுத்தியிருக்கிறார். மணி அடிக்கவில்லை. காலையில் ஸ்டோர் அண்ணன் போன் போட்டார். "தம்பி, பெட்டி சத்தமே போடலையே, காய் பச்சை விட்டுப் போச்சு." அந்தக் குரலை இன்னும் மறக்க முடியவில்லை.

காரணம் எளிது. கீப்-அலைவ் பாக்கெட் அனுப்பும் நிரல் டிசிபிக்குத்தான் இருக்கிறது. யூடிபி சாக்கெட்டில் அந்த ஆப்ஷனை வைத்தால் கர்னல் ஒரு கொடியை ஏற்றிவைக்கும். கொடியைப் பார்த்து வேலை செய்ய அங்கே ஆள் கிடையாது. நடுவில் முகவரியை மாற்றி அனுப்பும் நேட், சும்மா கிடக்கும் யூடிபி வழியைச் சீக்கிரம் மறந்துவிடும். சாதாரண லினக்ஸ் நேட்டில் ஒருவழிப் போக்குவரத்துக்கு 30 விநாடிதான். என் பெட்டி 10 நிமிடத்துக்கு ஒரு முறை பேசுகிறது. நடுவில் பட்டன் அழுத்தினால் போய்ச்சேர வழியே இல்லை. கம்பத்தில் பெட்டியையும் சர்வரையும் என் வீட்டு வைஃபைக்குள்ளேயே வைத்துச் சோதித்தபோது நடுவில் நேட் இல்லாததால் எல்லாம் நன்றாக நடந்தது.

இதைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் இரண்டு வரி வேலை. இரண்டு சாக்கெட், ஒன்று டிசிபி, ஒன்று யூடிபி. இரண்டிலும் கீப்-அலைவ் வையுங்கள். டிசிபியில் சும்மா இருக்கும் நேரம், தட்டும் இடைவெளி இரண்டையும் 10 விநாடி ஆக்குங்கள். பிறகு எதையும் அனுப்பாமல், பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். டிசிபி பக்கம் 10 விநாடிக்கு ஒரு சின்னப் பாக்கெட் போய் பதில் வரும். யூடிபி பக்கம் ஒன்றுமே வராது. அந்த ஒரு நிமிட மௌனத்தைத்தான் டெஸ்ட் பதிவு செய்ய வேண்டும். டிசிபியிலும் நேரத்தை நீங்களே வைக்காவிட்டால் லினக்ஸின் இயல்பு 7200 விநாடி. அதற்கப்புறம் 75 விநாடி இடைவெளியில் 9 முறை தட்டிப் பார்க்கும். மொத்தம் 2 மணி 11 நிமிடம் ஆன பிறகுதான் எதிரில் ஆள் இல்லை என்று ஒத்துக்கொள்ளும். ஏலக்காய் அவ்வளவு நேரம் தாங்காது.

இப்போது பெட்டியே 25 விநாடிக்கு ஒரு முறை 1 பைட் அனுப்புகிறது. தலைப்புகளோடு சேர்த்து 29 பைட், ஒரு நாளைக்குச் சுமார் 100 கிலோபைட். சின்ன டேட்டா பேக்குக்கும் இது ஒரு சுமையே இல்லை. இதை மாற்றியதும் ராத்திரி ஒரு மணிக்கு முதலாளியை அழுத்தச் சொன்னேன். அண்ணன் ஸ்டோரிலிருந்து "கேக்குது தம்பி, நிப்பாட்டு" என்றார்.

அடுத்து ரிசீவ் பஃபர், வந்த தரவு வாசிக்கப்படும் வரை காத்திருக்கும் இடம். மூன்று வகைக்கும் உள்ள வித்தியாசம் மிகத் துல்லியமாகத் தெரிவது இதில்தான்.

முதலில் மதிப்பையே பாருங்கள். லினக்ஸில் நீங்கள் கேட்ட அளவைக் கர்னல் இரட்டிப்பாக்கிக்கொள்ளும். தன் உள் கணக்குக்கு இடம் வேண்டும் என்பதற்காக. அதே சமயம் கேட்கும் அளவுக்கு ஒரு உச்சவரம்பும் உண்டு. பல இயந்திரங்களில் அது 212992. அங்கே 10 லட்சம் பைட் கேட்டால் பிழை எதுவும் வராது, 0 வரும், திரும்பப் படித்தால் 425984 இருக்கும். கேட்டதும் கிடைத்ததும் சமமா என்று பார்க்கும் டெஸ்ட், வரம்புக்குள் கேட்டாலும் இரட்டிப்பால் தேவையில்லாமல் விழும். 0 வந்ததா என்று மட்டும் பார்க்கும் டெஸ்ட் கேட்டதில் பாதி கூடக் கிடைக்காததைக் கவனிக்காமல் தாண்டிவிடும்.

இப்போது நடத்தையைச் சோதியுங்கள். வாசிப்பவரைத் தூங்கவிடுங்கள். அனுப்புபவர் 100 பைட் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கட்டும். டிசிபியில் கொஞ்ச நேரத்தில் அனுப்புபவர் அப்படியே நின்றுவிடுவார், எதிர்ப்பக்கம் இடமில்லை என்ற செய்தி மீதி இடத்தைச் சொல்லும் விண்டோ எண் வழியாக வந்துவிடும். யூனிக்ஸ் டேட்டாகிராமிலும் நிற்பார். ஆனால் அங்கே ரிசீவ் பஃபருக்குப் பங்கே இல்லை, யூனிக்ஸ் சாக்கெட்டில் அந்த ஆப்ஷனுக்கு விளைவு கிடையாது, சென்ட் பஃபருக்குத்தான் உண்டு. வரிசையில் எத்தனை செய்தி நிற்கலாம் என்று வேறொரு கர்னல் அமைப்பும் இருக்கிறது. யூடிபியில் அனுப்புபவர் நிற்கவே மாட்டார். பத்தாயிரம் முறை அனுப்பினாலும் பத்தாயிரமும் வெற்றி. வாசிப்பவரை எழுப்பி எண்ணச் சொல்லுங்கள், சில நூறுதான் இருக்கும். மீதி எல்லாம் சத்தமில்லாமல் கீழே போயிருக்கும்.

சில நூறுதானா, 425984-ஐ 100-ஆல் வகுத்தால் நாலாயிரத்துக்கு மேல் வருமே என்று கேட்கலாம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கர்னல் வைத்திருக்கும் உறையையும் சேர்த்துத்தான் பஃபரில் கணக்கு எழுதப்படும். 100 பைட் செய்திக்குப் பல நூறு பைட் பிடித்தம். சிறிய செய்தி அனுப்புகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போவதும் வருவதும் சாதாரணம். கரண்ட் வந்தவுடன் எல்லா ஸ்டோர் பெட்டிகளும் சேர்த்துவைத்த அளவுகளை ஒரே மூச்சில் சர்வருக்குக் கொட்டும். அந்த ஒரு நிமிடத்தில் விழும் அளவுகள்தான் எங்கள் வரைபடத்தில் ஓட்டைகளாக இருந்தன. நெட்வொர்க் மோசம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். சர்வரில் நெட்ஸ்டாட் புள்ளிவிவரத்தின் யூடிபி பகுதியில் ரிசீவ் பஃபர் பிழை என்ற எண் ஏறிக்கொண்டே இருந்ததைப் பார்த்தபோதுதான் பாக்கெட் எல்லாம் எங்கள் வாசல் வரை வந்து விழுந்தது தெரிந்தது.

ரீயூஸ்-அட்ரஸ் ஆப்ஷனுக்கு டெஸ்ட் எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. டிசிபியில் இது, இணைப்பு மூடிய பிறகும் கொஞ்ச நேரம் காத்திருக்கும் டைம்-வெயிட் நிலையில் உள்ள போர்ட்டை மறுபடி எடுத்துக்கொள்ளத்தான். லினக்ஸில் அந்த நிலை 60 விநாடி நீடிக்கும். ஆனால் யார் முதலில் இணைப்பை மூடுகிறாரோ அவர் பக்கம்தான் டைம்-வெயிட் நிற்கும். உங்கள் டெஸ்டில் கிளையன்ட் முதலில் மூடினால் சர்வர் பக்கம் எதுவும் மிஞ்சாது, ஆப்ஷன் வைக்காமலே, போர்ட்டைப் பிடிக்கும் பைண்ட் வெற்றி ஆகும். எனவே சர்வரை முதலில் மூடவிட்டு, ஆப்ஷன் இல்லாமல் 98 (முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்) என்ற பிழை வருவதை முதலில் பாருங்கள். அது வந்த பிறகு, வேறு போர்ட்டில் முதல் பைண்டிலிருந்தே ஆப்ஷனோடு ஓட்டுங்கள். யூடிபியில் இதே ஆப்ஷனுக்கு அர்த்தமே வேறு. இரண்டு ப்ராசஸ் ஒரே போர்ட்டில் உட்கார முடியும், லினக்ஸில் கடைசியாக உட்கார்ந்தவருக்கே செய்தி போகும், முதலில் வந்தவர் பட்டினி. பலருக்கு ஒரே சமயம் அனுப்பும் மல்டிகாஸ்ட் என்றால் இருவருக்கும் போகும். யூனிக்ஸ் சாக்கெட்டில் 0 வரும், பயன் இல்லை. பழைய சாக்கெட் கோப்பு அங்கே கிடந்தால் 98-தான். கோப்பை அழித்துவிட்டுத்தான் பைண்ட் செய்ய முடியும்.

சிறு தரவையும் தாமதிக்காமல் அனுப்பச் சொல்லும் டிசிபி நோ-டிலே மாதிரி ஆப்ஷன்களில் இந்தத் தொல்லை இல்லை. யூடிபியில் வைத்தால் 92 (அப்படி ஆப்ஷன் இங்கே இல்லை), யூனிக்ஸில் வைத்தால் 95 (இதற்கு ஆதரவு இல்லை) என்று முகத்துக்கு நேராகப் பிழை வரும். டெஸ்டில் இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாக எதிர்பாருங்கள்.

ஆப்ஷன் எந்த அடுக்குக்கு என்று சொல்லும் லெவல் மாறிப்போவது இன்னொரு விபத்து. போடியில் இருக்கும் நண்பர் ஒருவர் அனுப்பிய நிரலில், டிசிபி லெவலில் வைக்க வேண்டிய மூன்று கீப்-அலைவ் நேர ஆப்ஷன்களையும் சாக்கெட் லெவலில் வைத்திருந்தார். லினக்ஸில் அவற்றின் எண்கள் 4, 5, 6. சாக்கெட் லெவலில் 4 என்பது பிழையைப் படிக்கும் ஆப்ஷன், வைக்க முடியாது, 92 வரும். 5 என்பது ரூட்டர் வழியே அனுப்பாதே என்ற ஆப்ஷன். 6 என்பது எல்லோருக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட்டுக்கு அனுமதி. இரண்டும் வெற்றி என்று 0 தரும். அவர் எதையும் சரிபார்க்கவில்லை. அலுவலகத்துக்குள் எல்லாம் இணைந்தது, வெளி சர்வருக்கு மட்டும் 101, நெட்வொர்க்கை எட்ட முடியவில்லை என்றது. இரண்டு நாள் ரூட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நிரல் கர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸில் ஒரு முறை ஓட்டியிருந்தால், எந்த லெவலில் எந்த ஆப்ஷன் போகிறது என்று பெயரோடு தெரிந்திருக்கும்.

டைம்-அவுட் ஆப்ஷன்கள் லினக்ஸில் மூன்று வகையிலும் ஒழுங்காகவே நடக்கின்றன. விண்டோஸுக்குக் கொண்டுபோகும்போது மட்டும் மதிப்பு மில்லிவிநாடி எண்ணாக வேண்டும், லினக்ஸின் நேர ஸ்ட்ரக்சர் அங்கே செல்லாது.

கடைசியாக, எதிர்ப்பக்கம் காணாமல் போவதைச் சோதிக்கும்போது ப்ராசஸைக் கொல்லாதீர்கள். கொன்றால் கர்னலே இணைப்பை முறைப்படி மூடிச் செய்தி அனுப்பிவிடும், கீப்-அலைவுக்கு வேலையே வராது. குமுளிப் பக்கம் நடப்பது அப்படி இல்லை. சிம் தமிழ்நாட்டு டவரிலிருந்து கேரள டவருக்குத் தாவும், முகவரி மாறினால் பழைய இணைப்பு சொல்லாமல் செத்துப்போகும். இதை நடிக்க, ஒரே இயந்திரத்துக்குள் தனித்தனி நெட்வொர்க்காக நடக்கும் இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் அமைத்து, நடுவில் மூன்றாவதில் நேட் வைத்து, லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் பாக்கெட்டைத் தொலையவிடுங்கள். இரண்டு விதமாக ஓட்டுங்கள், சும்மா இருக்கும்போது ஒன்று, அனுப்பிய தரவுக்குப் பதில் வராமல் இருக்கும்போது ஒன்று. இரண்டாவதில் கீப்-அலைவ் குறுக்கே வராது, மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும் கணக்கு நடக்கும். லினக்ஸின் இயல்பில் அது முடிய 15 நிமிடம் பக்கம் ஆகும். அதைக் குறைக்க யூசர்-டைம்-அவுட் என்ற தனி டிசிபி ஆப்ஷன் இருக்கிறது. எங்கள் பெட்டியில் அதை 30 விநாடி வைத்திருக்கிறோம். பெட்டியின் கர்னலை மாற்றும் ஒவ்வொரு முறையும், சென்சாரை மாட்டும் முன்பே, நேட் நடுவில் நிற்கும் அந்த டெஸ்டை முழுசாக 10 நிமிடம் காத்திருக்க வைத்து ஓட்டுகிறோம்.