களிமண் வளவில் செயற்கைப் புல் விரித்து கோல்ஃப் பட்டிங் தளம் அமைக்கலாமா?

இரணைமடுப் பக்கத்தில் களித்தரை வளவு, வெளிநாட்டிலிருந்து திரும்பும் அப்பாவுக்குக் கோல்ஃப் பந்து உருட்டிப் பழக ஒரு தளம் வேண்டும், 6 அங்குலம் தோண்டிச் சல்லி நிரப்பிப் புல் விரித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அதையே மன்னார் முருங்கனில் எங்கள் பின்வளவில் செய்து, ஒரே மாரியில் முழுவதையும் இழந்தோம். தளம் கட்டாயம் அமைக்கலாம். ஆனால் தோண்டாதீர்கள், உயர்த்திக் கட்டுங்கள்.

என் அத்தான் கனடாவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டார். அங்கே ஞாயிறு தவறாமல் கோல்ஃப் ஆடியவர். "தம்பி, 12 அடிக்கு 24 அடி இடம் தந்தால் எனக்குப் போதும்" என்றார். அங்கிருந்து அவர் கொண்டுவந்த செய்முறையின்படி ஆவணி மாதத்தில் வேலை தொடங்கினோம்.

முருங்கன் மண்ணை இந்தப் பக்கத்தார் அறிவார்கள். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ஒரு காலத்தில் இங்கிருந்துதான் களி ஏற்றினார்கள். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் ஊதும். அந்த ஆவணியில் ஒரு வெடிப்புக்குள் தென்னோலை ஈர்க்கு ஒன்றை விட்டுப் பார்த்தேன். பிடித்திருந்த விரல் தரையில் முட்டும்வரை அது இறங்கியது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

கார்த்திகை மழையில் வெடிப்புகள் மூடிக்கொண்டன, நாங்கள் தோண்டிய கிடங்கு தொட்டியாகிவிட்டது. சல்லிக்குள் இறங்கிய தண்ணீருக்குப் போக வழியில்லை. புல்லில் கால் வைத்தால் பாதத்தைச் சுற்றிக் கலங்கல் நீர் கசிந்தது. நடுவில் மண் ஊதி மேடு தட்டியது. நேரே குழிக்குப் போக வேண்டிய பந்து அந்த மேட்டடியில் திரும்பி ஓரத்துக்கு ஓடியது. தை பிறந்ததும் புல்லைச் சுருட்டினோம். சல்லியில் பெரும்பகுதி களிக்குள் புதைந்திருந்தது.

அப்போது வந்து பார்த்த பக்கத்துக் காணிக்காரர், கட்டுக்கரைக் குளத்து நீரில் ஆயுள் முழுவதும் வயல் செய்தவர், "வான் வைக்காமல் குளம் கட்டிவிட்டீர்களே" என்றார். வான் என்பது குளத்தில் மிகுதி நீர் வெளியேற விடும் வழி. இரண்டாம் முறை அந்தச் சொல்லை வைத்தே எல்லாவற்றையும் திட்டமிட்டோம்.

முதலில் காலம். மாசியில் தொடங்குங்கள். மண் கையில் உருண்டையாகப் பிடிபட வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. வெடித்த தரையில் கட்டினால் மாரியில் ஊதும். சேற்றில் கட்டினால் கோடையில் இறங்கும். வேர்ப்புல்லோடு 2 அங்குல மேல்மண்ணை மட்டும் செதுக்கி எடுத்தோம். பிறகு அந்தக் களித்தரைக்கே சாய்வு கொடுத்தோம், 24 அடி நீளத்துக்கு 3 அங்குலம், வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக. பலர் மேற்பரப்பை மட்டும் சாய்க்கிறார்கள். அது போதாது, ஏனென்றால் மழைநீர் புல்லையும் சல்லியையும் கடந்து களியின் மேல்தான் வந்து நிற்கும். அங்கே சாய்வு இல்லையென்றால் மேலே எவ்வளவு அழகாக மட்டம் பிடித்தும் பயனில்லை.

களியின் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி. வீதி வேலைகளில் போடும் துணிதான். இது இல்லாவிட்டால் சல்லி கீழே புதையும், களி மேலே ஏறும். நாலு பக்கமும் ஒரு வரி சீமெந்துக் கல் வைத்து, தாழ்ந்த பக்கத்தில் துளையிட்ட குழாய் ஒன்றைப் படுக்கவைத்து, அதன் வாயை வளவு வாய்க்காலில் விட்டோம். எங்கள் வான் அதுதான்.

அடியில் 4 அங்குலத்துக்கு முக்கால் அங்குலச் சல்லி, மேலே 2 அங்குலத்துக்குக் கல்தூள். ஒவ்வொரு படையையும் தண்ணீர் தெளித்து, வாடகைக்கு எடுத்த இயந்திரத்தால் தனித்தனியாக இறுக்க வேண்டும். 12க்கு 24 அடித் தளத்துக்குக் கணக்கு 144 கன அடி. இறுகும்போது குறையும் என்பதால் 2 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) வரை வாங்குங்கள். கல்தூளை நேர்ச்சட்டத்தால் இழுத்து மட்டம் பார்ப்பதில் இரண்டு நாள் போனாலும் பொறுமையாகச் செய்யுங்கள். கல்தூளில் உள்ள சிறு பள்ளமும் பந்தின் பாதையில் தெரியும்.

குழியின் விட்டம் விதிப்படி 108 மில்லிமீற்றர், ஆழம் குறைந்தது 4 அங்குலம். 110 மில்லிமீற்றர் பிவிசி குழாயின் உட்பக்கம் இதைவிடச் சற்றுச் சிறிது. பழகுவதற்கு அது நல்லதே. அடியை மூடாமல் சல்லியில் நிறுத்துங்கள்.

புல் வாங்கும்போது கவனம். கல்யாண மண்டபங்களில் விரிக்கும் நீளமான அலங்காரப் புல்லில் பந்து உருளாது. 10 முதல் 15 மில்லிமீற்றர் உயரத்தில், அடர்த்தியாக, பட்டிங் தளத்துக்கென்றே செய்ததைக் கேளுங்கள். 4 மீற்றர் அகலச் சுருள் கிடைத்தால் 12 அடித் தளத்தில் ஒட்டு வராது. விரித்த பிறகு உலர்ந்த சிலிக்கா மணலை அரிதட்டால் தூவி, தும்புத்தடியால் இழைகளுக்கு எதிராகத் தேய்த்து இறக்க வேண்டும். கடல் மணல் வேண்டாம், உப்பும் சிப்பியும் இருக்கும். மணல் ஏற ஏறப் பந்து வேகமாக ஓடும். அத்தான் ஒவ்வொரு படைக்குப் பிறகும் பந்தைத் தட்டிப் பார்த்து, தனக்கு வேண்டிய வேகம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

வேம்பு போன்ற பெரிய மரத்துக்குக் கிட்டக் கட்டாதீர்கள். வேர் ஈரத்தை உறிஞ்சும் பக்கம் களி கூடுதலாகச் சுருங்கித் தளம் சரியும். நிழலுக்கு ஒரு பந்தல் போட்டுக்கொள்ளுங்கள். செயற்கைப் புல் நடுப்பகல் வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாத அளவு சுடும். சிறுவர்கள் இருந்தால் இது முக்கியம்.

மண்வெட்டி வைக்குமுன் இன்னொன்று. போர் நடந்த பகுதிகள் இவை; 2 அங்குலம் செதுக்குவதானாலும், உங்கள் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று உறுதிப்படுத்துங்கள். துருப்பிடித்த இரும்பு எது தட்டுப்பட்டாலும் தொடாமல், வேலையாட்களை விலக்கிவிட்டுப் பொலிஸுக்கு அறிவியுங்கள்.

கல்தூள் இறுகியதும் புல்லுக்குக் காசு கொடுக்க அவசரப்படாதீர்கள். கிணற்று மோட்டாரைப் போட்டு ஒரு மணி நேரம் தளத்தின் மேல் தண்ணீர் விடுங்கள். எங்கள் குழாய் வாயில் முதலில் கலங்கலாகவும் பிறகு தெளிவாகவும் தண்ணீர் வந்தது. அத்தான் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள்தான் சுருளைப் பிரித்தோம்.