ஒருவரின் பெயரை நினைவில் வைத்திருப்பது வியாபாரத்திலும் உறவுகளிலும் அவ்வளவு முக்கியமா? பழகினால் வருமா?

முக்கியம்தான், பழகினால் வரும்தான். பதினெட்டு வருடமாக ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை நடத்துகிறேன். இதை ஒரு வாடிக்கையாளரை இழந்துதான் கற்றுக்கொண்டேன்.

கடை ஆரம்பித்த புதிதில் எனக்கு முகம் மறக்காது, மாத்திரை மறக்காது, பெயர் மட்டும் மனதில் நிற்காது. டெல்மிசார்டான் (பிரஷர் மாத்திரை) அக்கா, தைராய்டு டீச்சர், சுகர் பெரியவர் என்றுதான் ஆட்களை அடையாளம் வைத்திருந்தேன். கடைப் பையனுக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் சாயங்காலம் ஐந்தாறு பேர் நிற்கும்போது, "அண்ணே, சுகர் பெரியவர் வந்திருக்காரு, வழக்கமா குடுக்குறத எடுக்கவா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரையை வாங்கினார், மீதிச் சில்லறையை எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் வரவில்லை. பேருந்து நிலையத்துப் பக்கம் உள்ள கடைக்கு நடந்து போவதைப் பார்த்தேன். போய்ப் பேசலாம் என்றால், வீட்டை விசாரிக்கக்கூட அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. பழைய பில் கட்டைப் புரட்டித்தான் கண்டுபிடித்தேன். மூன்று வருடம், மாதாமாதம், என் கையெழுத்திலேயே அந்தப் பெயர் இருந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்து எழுதினேனே தவிர ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி" என்று காப்பி கொடுத்தார். மருந்து மட்டும் அந்தக் கடையில்தான் வாங்கினார்.

பெயர் மறப்பது மூளையின் இயல்புதான். 1987-இல் பிரிட்டிஷ் உளவியலாளர்கள் சிலர் ஒரு சோதனை செய்தார்கள். அங்கே 'பேக்கர்' என்பது ரொட்டி சுடும் தொழிலையும் குறிக்கும், குடும்பப் பெயராகவும் இருக்கும். ஒரு முகத்தைக் காட்டி 'இவர் தொழில் பேக்கர்' என்று சொன்னால் நினைவில் நின்றது. 'இவர் பெயர் பேக்கர்' என்றால் நழுவியது. சொல் ஒன்றேதான். தொழில் என்றதும் அடுப்பு, மாவு, வாசனை எல்லாம் கூடவே வருகின்றன. பெயருக்கு அப்படிப் பிடிமானம் எதுவும் இல்லை. எனக்குச் 'சுகர்' நின்று பெயர் நிற்காமல் போனதும் இதனால்தான். பெயருக்கென்று தனியாக மெனக்கெட வேண்டியிருக்கிறது, எதிரில் நிற்பவர் அந்த மெனக்கெடலைக் கண்டுகொள்கிறார்.

நான் செய்வது இதுதான். புதிதாக வருபவரின் பெயரைச் சீட்டில் பார்த்ததும் ஒரு தடவை வாய்விட்டுப் படிப்பேன், இனிஷியலும் தெருவும் கேட்டுக்கொள்வேன். எங்கள் ஊரில் எத்தனையோ லட்சுமி. மருந்து மாறினால் விபரீதம். ராத்திரி ஷட்டர் இறக்கும் முன், பில் புத்தகத்தைப் பார்க்காமல், அன்றைய புதுமுகங்களின் பெயரை யோசித்துப் பார்ப்பேன். மறுநாள் காலை ஊதுபத்தி ஏற்றும்போது இன்னொரு தடவை, அப்புறம் வாரக் கடைசியில் ஒரு தடவை. இப்படி இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் நினைவுபடுத்தினால் பெயர் நன்றாகப் பதியும் என்று 1978-இல் லாண்டவர், பியோர்க் என்ற உளவியலாளர்கள் இருவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அப்படியும் மறந்தால், "பேரு சட்டுனு வரலைங்க, சொல்லுங்க" என்று கேட்டுவிடுவேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகும்போதும் இப்படித்தான். பேருந்தில் நானும் மனைவியும் யார் பிள்ளை யார், என்ன பெயர் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிடுவோம்.

ஆனால் ஒன்று. பேச்சுக்குப் பேச்சு பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று விற்பனைப் பயிற்சியில் சொல்வது நம் ஊருக்குச் சரிவராது. பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதைக் குறைவு. ஐயாதான், அம்மாதான், அண்ணன்தான். நமக்குப் பெயர் தெரியும் என்பது வேறு விதமாக வெளிப்பட வேண்டும். பேத்தி பெயரைச் சொல்லி, "பரீட்சை எழுதிட்டாளா?" என்று கேட்டுப் பாருங்கள், அந்தப் பாட்டி முகம் எப்படி ஆகிறது என்று தெரியும்.

கணவருக்கு மாத்திரை வாங்க ஒரு அம்மா வருவார். எழுபது வயதுக்கு மேல். அந்தக் காலத்து மனுஷி, கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார். முதல் தடவை பில்லுக்குப் பெயர் கேட்டபோது கூச்சத்தோடு சிரித்துவிட்டு, "மயில் மேல உக்காந்திருக்காருல்ல, அந்தச் சாமி" என்றார். முருகனா, வேலாயுதமா, கந்தசாமியா என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஆறாவதோ ஏழாவதோ 'ஆறுமுகம்' வந்ததும் தலையாட்டினார். அடுத்த மாதம் அவர் படியேறும்போதே எழுதி வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் வந்ததும் "எழுதிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறார்.